சாங்க்

சாங்க்: இந்தியச் சங்கைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல். உயிரியற் பெயர் டர்பினெல்லா பைரம். சொல்லின் மூலம் வடமொழிச் 'சங்க'. தமிழ்ச் 'சங்கு'ம் அதனோடு சேர்ந்ததே. கிரேக்கக் 'கொங்கே', இலத்தீன் 'கொங்கா' வழி ஆங்கிலத்துக்கு வந்த 'காங்க்' இதற்குத் தூரத்து உறவு எனக் கருதப்படுகிறது. பிரிந்துபோன இரு கிளைகள் ஒரே மொழிக்குள் மீண்டும் சந்தித்திருப்பது வியப்புக்குரியது.

கீழக்கரை, இராமேசுவரம் பகுதிக் கடலில் மூச்சடக்கி மூழ்குவோர் எடுத்த சங்குகள் வங்காளத்துக்குப் போயின. அங்கே வாளால் குறுக்கே வட்டமாக அறுத்து, மணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையலாக்கினர். இவ்வணிகம் பற்றிய ஆங்கிலப் பதிவுகளில் இச்சொல் ஊன்றியது.

1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதற்குத் தனிப் பதிவு தந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கு பற்றித் தனி நூலே எழுதினார்; அதன் தலைப்பிலும் 'சாங்க்' இடம்பெற்றது.