லண்டன் சுமைகாரர்களின் பீர் நுவரெலியா போன கதை

எனக்குப் பிடித்த பீர் கறுப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் செம்மை தெரியும். முதலில் வறுத்த வாசம், அப்புறம் கசப்பு, கடைசியில் கருகிய வெல்லத்தின் இனிப்பு. இதற்கு ஸ்டவுட் என்று பெயர். போர்ட்டர் என்ற பழைய பீரின் வலுவான பிள்ளை அது. ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது என்பார்கள். ஆனால் இந்த பீரை நான் வாயில் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே வரி அதிகாரிகளும் கப்பல்காரர்களும் அடுப்பு எரித்தவர்களும் சேர்ந்து அதன் ருசியை முடிவுசெய்துவிட்டார்கள். பிறந்த ஊர் கைவிட்ட பிறகும் தூர தேசங்களில் அது உயிரோடு இருந்தது. அந்தப் பயணம் தெரிந்தபின் எனக்கு அதன்மேல் பிரியம் கூடியிருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரமே தோளில் ஓடிக்கொண்டிருந்தது. தேம்ஸ் ஆற்றங்கரையில் கப்பலிலிருந்து நிலக்கரியும் தானியமும் இறக்குவதற்கு ஒரு கூட்டம், தெருக்களில் மூட்டையும் கடிதமும் சுமப்பதற்கு இன்னொரு கூட்டம். அந்தச் சுமைகாரர்கள் விரும்பிக் குடித்ததால் பீருக்கும் அவர்கள் பெயரே வந்தது. 1722இல் ரால்ஃப் ஹார்வுட் என்பவர் ஒரே நாளில் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை பல புத்தகங்களில் இருக்கிறது. அந்தக் கதை அச்சேறியது 1802இல், எண்பது வருடம் கழித்து. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு நகரம் முழுக்கக் குடித்த பானம் பல ஆலைகளில் பல கைகளால் மெல்ல மெல்லத்தான் உருவாகியிருக்கும்.

பீருக்கு வேண்டியவை நான்கே: முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட்; கசப்புக்கு ஹாப்ஸ் பூ; ஈஸ்ட்; தண்ணீர். அன்றைய போர்ட்டரின் மால்ட் விறகுத் தீயில் காய்ந்து பழுப்பேறியது. விலை குறைவு, புகை வாசம் அதிகம். அந்தக் கரகரப்பு அடங்க, பீரைப் பெரிய மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் ஊறவிட்டார்கள். மரத்துக்குள் குடியிருந்த ஒருவகை ஈஸ்ட் அதற்கு லேசான புளிப்பும் தோல் போன்ற ஒரு வாசமும் கொடுத்தது. அந்த ஈஸ்ட் எது என்று 1904இல்தான் தெரிந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த க்ளாசென் அதைப் பிரித்தெடுத்து பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் வைத்தார்.

தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு லாபம். போர்ட்டர்தான் பீர் காய்ச்சுவதை வீட்டுத் தொழிலிலிருந்து ஆலைத் தொழிலாக மாற்றியது. சிஸ்வெல் தெருவில் சாமுவேல் விட்பிரெட் நடத்திய ஆலைக்கு 1785இல் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் வந்தது. அது இன்று சிட்னி நகர அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. 1796இல் அந்த ஓர் ஆலை மட்டும் இரண்டு லட்சம் பீப்பாய்க்கு மேல் காய்ச்சியது. தேம்ஸின் தென்கரையில் ஹென்றி த்ரேல் என்பவரின் ஆலை இருந்தது. அவர் இறந்ததும் 1781இல் 1,35,000 பவுனுக்கு விலைபோனது. விற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன்.

பெருந்தொட்டி மோகம் ஒரு நாள் உயிர்களைக் கேட்டது. 1814 அக்டோபர் 17, டாட்டன்ஹாம் கோர்ட் சாலை, ம்யூ ஆலை. 22 அடி உயரத் தொட்டி ஒன்றின் இரும்பு வளையம் கழன்றது. சிறிது நேரத்தில் தொட்டி வெடித்தது. அதன் வேகத்தில் பக்கத்துத் தொட்டியும் பீப்பாய்களும் உடைந்தன. பின்சுவரைத் தகர்த்துக்கொண்டு பீர் செயின்ட் கைல்ஸ் சேரிக்குள் அலையாகப் பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், எல்லாரும் பெண்களும் குழந்தைகளும். அவர்களில் சிலர் இறந்துபோன ஒரு இரண்டு வயதுக் குழந்தைக்குத் துக்கம் காத்து நிலவறையில் உட்கார்ந்திருந்த ஐரிஷ் குடும்பத்தார். தற்செயல் விபத்து என்று தீர்ப்பானது. குடும்பங்களுக்கு இழப்பீடு இல்லை. கொட்டிப்போன பீருக்குக் கட்டிய வரியை மட்டும் ஆலை நாடாளுமன்றத்தின் வழியாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. போர்ட்டரின் பெருமை பேசுகிற யாரும் இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்த பீர் ஆரம்பத்தில் கறுப்பாக இல்லை, பழுப்பாகத்தான் இருந்தது. அதைக் கறுப்பாக்கியது ஓர் அளவுக் கருவி. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆலைகளுக்குள் வந்தது. 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் அதைப் பயன்படுத்தும் முறையை நூலாகவே எழுதினார். அளந்து பார்த்ததும் முதலாளிகள் திடுக்கிட்டார்கள். மலிவு என்று வாங்கிய பழுப்பு மால்ட்டில் சாறு குறைவு. விலை கூடிய வெளிர் மால்ட்டில் சாறு மிகுதி. கூட்டிக் கழித்தால் வெளிர் மால்ட்டே லாபம். அதற்கு மாறினார்கள். பீர் வெளுத்தது. குடிப்பவர்களோ பழைய நிறத்தையும் பழைய ருசியையும் கேட்டார்கள். நிறத்துக்காக ஆளாளுக்கு எதையெதையோ சேர்த்தார்கள். 1811இல் அரசு கருக்கிய சர்க்கரைக்கு அனுமதி கொடுத்தது. மால்ட் வரி குறைந்துபோகும் என்று 1816இல் அதையும் தடுத்தது. மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறெதுவும் பீரில் சேரக்கூடாது.

அடுத்த வருடம், 1817இல், டேனியல் வீலர் ஒரு உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போலவே சுழலும் அது. உள்ளே மால்ட் கருகாமல், தீப்பிடிக்காமல், சீராகக் கறுத்து வரும். கொஞ்சம் சேர்த்தால் போதும், ஒரு பெரிய கொப்பரை பீர் இருண்டுவிடும். அது மால்ட்தான் என்பதால் சட்டமும் தடுக்க முடியாது. ஸ்டவுட்டில் காப்பி வாசம் வருகிறதே என்று வியப்பவர்களுக்கு நான் வீலரைப் பற்றித்தான் சொல்வேன். இன்று நாம் ரசிக்கும் அந்த வறுத்த கசப்பு, வரிச்சட்டத்துக்கு ஒரு மனிதர் கண்டுபிடித்த பதில்.

வீலரின் மால்ட்டை முழு மனதோடு ஏற்றது டப்ளின். 1759இல் ஆர்தர் கின்னஸ் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை 9,000 வருடக் குத்தகைக்கு எடுத்தார், வருடத்துக்கு 45 பவுன். லண்டன் போர்ட்டர் அயர்லாந்தில் வந்து குவிவதைக் கண்டு தானும் காய்ச்சத் தொடங்கினார். 1799இல் மற்ற பீர்களை நிறுத்தியேவிட்டார். லண்டன் ஆலைகள் பழுப்பு மால்ட்டைக் கொஞ்சம் விடாமல் வைத்திருந்தபோது, டப்ளின்காரர்கள் வெளிர் மால்ட்டும் கருமால்ட்டும் மட்டுமே கொண்டு வறண்ட, கூர்மையான ஒரு ருசிக்குப் போனார்கள். வலுவான போர்ட்டரை ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்று சொல்லிவந்தார்கள். நாளடைவில் பின்பாதி உதிர்ந்து முன்பாதி நின்றது. புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த ‘ஸ்டூடென்ட் டி’ சோதனையும் இந்த ஆலை தந்ததுதான். பார்லியையும் பீரையும் சிறு மாதிரிகளைக் கொண்டு மதிப்பிட வேண்டியிருந்த வில்லியம் காசெட் என்ற ஊழியர், 1908இல் புனைபெயரில் அதை வெளியிட்டார்.

இதற்குள் போர்ட்டர் கப்பலேறிவிட்டது. பால்டிக் கடல் வழியாக ரஷ்யா போனது. இரண்டாம் கேதரின் அரசவைக்கு த்ரேல் ஆலையின் பீர் போனது. 1822இல் ரஷ்யா ஆங்கில ஏல் பீர்களுக்குக் கடும் சுங்கம் போட்டபோது போர்ட்டருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. பிறகு அந்தக் கரைக்காரர்களே காய்ச்சக் கற்றார்கள். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் கார்னகி, ஹெல்சின்கியில் சினெபிரிக்கோஃப், போலந்தில் ஷிவியெத்ஸ். தங்கள் ஊர் லாகர் ஈஸ்ட்டைக் கொண்டு குளிரில் நிதானமாக நொதிக்கவிட்டதால் போலந்துப் போர்ட்டருக்கு உலர்திராட்சையின் மென்மை வந்தது. எனக்கு அது இரண்டாமிடம்.

தெற்கே போன பாதைதான் எனக்கு நெருக்கமானது. 1801இல் கின்னஸ் ஆலையில் ‘வெஸ்ட் இண்டியா போர்ட்டர்’ என்ற ஒன்று பதிவாகிறது. கரீபியத் தீவுகளுக்கான கடல்வழியில் கெடாமலிருக்க ஹாப்ஸும் மதுச்சத்தும் கூட்டியது. பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்த கப்பல்களிலும் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கான போர்ட்டர் வந்தது. இந்தியாவுக்கான பீர் என்றால் எல்லோரும் பேல் ஏல் என்ற வெளிர் பீரையே சொல்கிறார்கள். அது அதிகாரிகளின் மேசைக்கு. பாசறையில் குடித்தது போர்ட்டர்.

வெப்ப நாட்டில் கறுப்பு பீர் ஏன் வேரூன்றியது என்பதற்கு நான் நினைக்கும் காரணம் அதன் உடம்பு. வலுவும் இனிப்பும் இருந்தால் அது உணவாகவும் மருந்தாகவும் எண்ணப்படும். ஜமைக்காவில் டிராகன் ஸ்டவுட் வந்தது. கரீபியத்தில் ஸ்டவுட்டோடு கட்டிப்பாலும் ஜாதிக்காயும் கலந்து குடிக்கிறார்கள். 1960களில் நைஜீரியாவின் இகேஜாவிலும் மலேசியாவின் சுங்கை வேயிலும் கின்னஸ் ஆலைகள் எழுந்தன. பார்லி மால்ட் இறக்குமதியை நைஜீரியா தடுத்தபோது சோளத்தில் காய்ச்சினார்கள். ருசி சற்று மாறியது, மக்கள் கைவிடவில்லை.

இலங்கைக்கு வருகிறேன். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போன சாமுவேல் பேக்கர், அதற்கு முன் 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்க வந்தார். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே, குளிர், பனி. மலைநாட்டில் பீர் காய்ச்சுவது அவரிலிருந்தே தொடங்குகிறது. 1881இல் அது சிலோன் பிரூவரி என்ற ஆலையாக நிலைபெற்றது. லவர்ஸ் லீப் அருவியின் தண்ணீர் பக்கத்திலேயே. மால்ட்டும் ஹாப்ஸும் மட்டும் கடல் கடந்து கொழும்பு வந்து மலையேற வேண்டும். ரயில் நானுஓயாவைத் தொட்டது 1885இல். அதற்கு முன் மாட்டுவண்டிதான்.

அதே மலைப்பாதையில் ஏறியவர்கள் நம்மவர்கள். புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்கும், 1869இல் காப்பியில் இலைநோய் விழுந்த பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள். பீர் துரைமாரின் கிளப்புகளுக்காகக் காய்ச்சப்பட்டது. லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் இருந்த இவர்கள் அந்த மலையைக் காடு வெட்டித் தோட்டமாக்கினார்கள். அந்த ஆலையின் லயன் ஸ்டவுட்டைப் பற்றி வெளிநாட்டார் எழுதும்போது அருவியும் மூடுபனியும் வருகின்றன; இந்த மனிதர்கள் வருவதில்லை. எனக்கு அது பெரிய குறை.

லண்டனில் போர்ட்டர் தேய்ந்துகொண்டே வந்தது. ஊறாத, புதிய மைல்டு பீரும், பிறகு வெளிர் பீரும் இளைஞர்களை இழுத்தன. முதல் உலகப்போரில் தானியக் கட்டுப்பாடும் வரியும் பீரின் வலுவையே உறிஞ்சின. இரண்டாம் போர் முடிந்த காலத்தில் லண்டனில் போர்ட்டர் என்று கேட்டால் கிடைக்காது. அயர்லாந்தில் கின்னஸ் தன் கடைசிப் போர்ட்டரை 1970களின் தொடக்கத்தில் நிறுத்தியது. இன்று டப்ளினில் குழாயில் ஊற்றும் கின்னஸில் மதுச்சத்து நாலு சதவீதத்துக்குச் சற்று மேலே. நம்மூர் ‘ஸ்ட்ராங்’ பீர்களில் ஏறக்குறைய பாதி. கறுப்பாக இருப்பதால் கனமானது என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். கப்பலுக்காகக் கூட்டிய அந்த வலுவை ஊரார் இழந்தார்கள், இலங்கை காப்பாற்றியது.

உலகுக்கு இதைச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன், பாடகரின் பெயருடைய ஆங்கிலேய பீர் எழுத்தாளர். கண்டியில் ஒரு கடையில் மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பால் லயன் ஸ்டவுட் ஊற்றுவதைக் கண்டு எழுதினார். இங்கிலாந்திலேயே அருகிவந்த முறை அது. 1990களின் பிற்பகுதியில் பீர் காய்ச்சும் வேலை நுவரெலியாவை விட்டுக் கொழும்புக்கருகே பியகமவுக்கு இறங்கியது. வியாபாரக் கணக்கு சரியாக இருக்கலாம். மலையிலிருந்து இறங்கியதில் எனக்கு வருத்தமே.

போர்ட்டர் திரும்பியும் வந்தது. 1970களில் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்க்கர் ஆலையில் ஃப்ரிட்ஸ் மேடேக் அதைக் காய்ச்சினார்; 1996இல் லண்டன் சிஸ்விக்கில் ஃபுல்லர்ஸ் ஆலை பழுப்பு மால்ட்டையும் சேர்த்து ‘லண்டன் போர்ட்டர்’ கொண்டுவந்தது. சுமைகாரர்கள் குடித்ததன் சாயலை அறிய விரும்புபவருக்கு அதையே சொல்வேன். ஸ்டவுட்டை போர்பன் விஸ்கிப் பீப்பாயில் ஊறவைக்கும் அமெரிக்கப் பாணியும் பரவியிருக்கிறது. அதில் வனிலாவும் சாராயக் காரமும் ஏறி, மால்ட்டின் குரல் அமுங்கிவிடுகிறது. ஒரு மடக்குக்கு மேல் எனக்கு வேண்டாம்.

என் முதலிடம் லயன் ஸ்டவுட்டுக்குத்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் குடித்தால் கசப்பு மட்டும் தெரியும். கால் மணி நேரம் மேசையில் இருக்கட்டும். வாய் அகன்ற கண்ணாடிக் கோப்பையில் பாதியளவு மட்டும் ஊற்ற வேண்டும். கருப்பட்டி போட்டுச் செய்த எதுவும் அதோடு சேரும். மிளகு தூக்கலான ஆட்டுக்கறி வறுவல் இன்னும் நன்றாகச் சேரும். ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் போதும்.