மேனேஜர் ‘வீல்’னு சொன்னா சக்கரம்னு நினைச்சுக்காதீங்க!

‘வீல்’னா சக்கரம். சின்ன வகுப்பிலேயே படிச்சாச்சு. ஆனா, ஆபீஸ் மீட்டிங்கிலும் மெயிலிலும் இந்தச் சொல் வரும்போது பெரும்பாலும் அங்கே சக்கரமே இருக்காது. நேரடியா மொழிபெயர்த்தா, திட்டைப் பாராட்டுன்னு புரிஞ்சுக்கிற ஆபத்து உண்டு. அடிக்கடி காதில் விழும் சில ‘வீல்’களைப் பார்ப்போம்.

சொந்தக்காரச் சொற்கள்

வீல், சைக்கிள், சக்கரம் மூன்றுமே ஒரு குடும்பம். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே வேர்ச்சொல், ஆங்கிலத்தில் ‘வீல்’ ஆச்சு. கிரேக்கம் வழியா ‘சைக்கிள்’ ஆச்சு. சம்ஸ்கிருதத்தில் ‘சக்ர’ ஆகி, தமிழுக்குச் ‘சக்கரம்’னு வந்தது. இதே பொருளில் ஆழி, திகிரின்னு பழந்தமிழ்ச் சொற்களும் நம்மகிட்ட இருக்கு.

ஆபீஸ் வீல்கள்

*ரீஇன்வென்ட் தி வீல்:* ஏற்கெனவே இருக்கிற ஒன்றை மறுபடியும் முதலிலிருந்து செஞ்சு நேரத்தை வீணடிப்பது. இன்டர்வியூவில் இதைத் திறமைன்னு நினைச்சுச் சொல்லிடாதீங்க.

*அஸ்லீப் அட் தி வீல்:* இங்கே வீல்னா ஸ்டீயரிங். பொறுப்பில் இருக்கிறவர் கோட்டை விட்டுட்டார்னு அர்த்தம். உங்களைப் பற்றிச் சொன்னா, அது குற்றச்சாட்டு.

*வீல்ஹவுஸ்:* கப்பலைத் திருப்பும் சக்கரம் இருக்கிற அறை. பேஸ்பாலில், பேட்டர் பந்தை வெளுத்து வாங்க வசதியான இடத்துக்கும் இதே பெயர். ‘இது உன் வீல்ஹவுஸ்’னு மேனேஜர் சொன்னா, ‘இது உனக்குக் கைவந்த கலை’ன்னு பாராட்டுறார்.

*ஸ்க்வீக்கி வீல் கெட்ஸ் தி க்ரீஸ்:* சத்தம் போடுற சக்கரத்துக்குத்தான் க்ரீஸ் கிடைக்கும். நம்ம ஊரில், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். சம்பள உயர்வு கேட்கத் தயங்குறவங்க நோட் பண்ணிக்கோங்க!

ஃப்ரெண்ட்ஸ் வட்டார வீல்

காதல் ஜோடியோடு ஒட்டிக்கிட்டுப் போகும் மூன்றாவது ஆள், ‘தேர்டு வீல்’. நாம ‘சிவபூஜையில் கரடி’ன்னு சொல்ற அதே ஆள்தான்.

நாம மட்டும் சொல்றது

பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதை நாம ‘வீலிங்’னு சொல்றோம். ஆங்கிலத்தில் அது ‘வீலி’. அங்கே ‘வீலிங்’னா, சக்கரம் வெச்ச பொருளை உருட்டிக்கிட்டுப் போறது. எந்தப் பெயரில் செஞ்சாலும் ரோட்டில் அந்த சாகசம் வேண்டாம் பாஸ்!

‘ஸ்டெப்னி’யும் அப்படித்தான். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாற்றுச் சக்கரத்துக்கு, அவங்க பட்டறை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரை வெச்சாங்க. நம்ம மெக்கானிக் கடைகளில் அந்தப் பெயர் இன்னும் ஓடுது. வெளிநாட்டில் ‘ஸ்பேர் வீல்’னு கேட்டாதான் புரியும்.

கவனமா சொல்ல வேண்டிய வீல்

‘வீல்சேரில் முடங்கியவர்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘கன்ஃபைன்டு டு எ வீல்சேர்’னு எழுதுவாங்க. இப்போ அதைத் தவிர்த்து, ‘வீல்சேர் யூசர்’னு சொல்வதே சரின்னு ஐ.நா-வின் மொழி வழிகாட்டி சொல்லுது. காரணம் எளிமையானது. கல்லூரிக்கும், வேலைக்கும், சினிமாவுக்கும் அவரைக் கூட்டிட்டுப் போறதே அந்த வீல்தான். தமிழில் எழுதும்போதும் ‘முடங்கியவர்’ வேண்டாம்; ‘வீல்சேர் பயன்படுத்துபவர்’னே எழுதுவோம்.