கடனாளியின் கையில் சாவி

நம் ஊர்ப் பேச்சில் ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்றொரு வழக்கு உண்டு. சொல்பவர் சற்றே குரலைத் தாழ்த்திக்கொள்வார். கடன் தலைக்குமேல் போனது, கடையின் கதவு சாத்தப்பட்டது, ஆள் ஊரில் தலைகாட்டுவதில்லை என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். ‘திவால்’ என்னும் சொல்லை நாம் இந்தச் சாயையோடுதான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அமெரிக்க விமான நிறுவனங்களின் வரலாற்றைப் படிக்கும்போது முதலில் நம்மைக் குழப்புவது இதுதான். அங்கே மஞ்சக் கடுதாசி கொடுத்த மறுநாளும் விமானங்கள் பறக்கின்றன, பயணச்சீட்டு விற்பனையாகிறது, தலைவர் அதே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மாறிப்போனவை வேறு சில. அவை எவை, யாருடையவை என்று பார்க்க 1983ஆம் ஆண்டின் ஹூஸ்டன் நகரத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் சட்டத்தின் பூர்வீகத்தைப் பற்றிக் கொஞ்சம்.

இந்தச் சட்டத்தின் தாய்வீடு ரயில் பாதைகள். 1893இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் அமெரிக்க ரயில் பாதையின் நீளத்தில் ஏறத்தாழ கால்பங்கு நீதிமன்றப் பொறுப்பாளர்களின் கீழ் வந்தது. கடன் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு துண்டாகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பழைய இரும்பின் விலை மட்டுமே. ஓடுகிற ரயிலுக்குத்தான் மதிப்பு. எனவே நீதிபதிகள் கடன்காரர்களைத் தடுத்து நிறுத்தி, வண்டியை ஓடவிட்டு, கணக்கைப் பிறகு பேசலாம் என்றார்கள். இந்த நடைமுறையே மெல்லச் சட்டமாகி, 1978ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் ‘சாப்டர் 11’ என்ற புகழ்பெற்ற அத்தியாயமாக நிலைகொண்டது.

அதன் சாரம் எளியது. மனுக் கொடுத்த கணத்திலேயே கடன் வசூல் முழுவதும் நின்றுபோகும். நிர்வாகம் பழைய கைகளிலேயே இருக்கும். கடனாளியே தன் சொத்தின் காவலனும் ஆகிறான். முழுதாக நிறைவேறாத ஒப்பந்தங்களை நீதிமன்ற அனுமதியோடு உதறிவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மனுக் கொடுப்பவர் தம்மிடம் காசில்லை என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. (இந்தியாவில் 2016இல் வந்த திவால் சட்டம் இங்கே நேர் எதிர்த்திசையில் நடக்கிறது. மனு ஏற்கப்பட்டவுடன் இயக்குநர் குழுவின் அதிகாரம் பறிக்கப்பட்டு, வெளியிலிருந்து வரும் ஒரு நிபுணரிடம் சாவி போய்விடும். எது மேல் என்பது தனி விவாதம்.)

1978 நவம்பர் 6இல் இந்தச் சட்டம் கையெழுத்தானது. அதற்குப் பதின்மூன்று நாட்களுக்கு முன், அக்டோபர் 24இல், அதே ஜிம்மி கார்ட்டர் இன்னொரு சட்டத்தில் ஒப்பமிட்டிருந்தார். விமானப் போக்குவரத்தின் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் அது. அதுவரை எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை ஒரு வாரியம் தீர்மானித்துவந்தது. ஊதியம் உயர்ந்தால் கட்டணமும் உயரும். தொழிற்சங்கத்துக்கும் முதலாளிக்கும் இடையிலான சண்டையின் செலவைப் பயணி கட்டினார். கட்டுப்பாடு போனதும் சங்கமே இல்லாத புதிய நிறுவனங்கள் பாதிக் கட்டணத்தில் பறக்கத் தொடங்கின. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு சட்டங்கள், ஒரே மாதத்து இடைவெளிக்குள் பிறந்தவை, ஐந்தாண்டுகள் கழித்துக் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் என்ற நிறுவனத்தில் சந்தித்துக்கொண்டன.

கான்டினென்டல் 1934இல் வேறொரு பெயரில் தொடங்கி, ராபர்ட் சிக்ஸ் என்பவரின் நாற்பதாண்டுத் தலைமையில் வளர்ந்த நிறுவனம். 1981இல் அதைவிடச் சிறியதான டெக்ஸஸ் இன்டர்நேஷனல் அதன் பங்குகளை வாங்கிக் குவிக்கத் தொடங்கியது. அதன் தலைவர் ஃபிராங்க் லொரென்ஸோ, ஸ்பெயினிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், ஹார்வர்டில் வணிகம் படித்தவர், சங்கமில்லாத ஒரு விமான நிறுவனத்தை நியூயார்க்கில் முன்பே தொடங்கியிருந்தவர். அவரிடமிருந்து தப்ப, கான்டினென்டலின் ஊழியர்கள் நிறுவனத்தைத் தாங்களே வாங்கிவிட ஒரு திட்டம் தீட்டினார்கள். தலைவர் ஆல்வின் ஃபெல்ட்மன் அதற்குத் துணைநின்றார். கடன் தருவதாகச் சொன்ன வங்கிகள் பின்வாங்கின. 1981 ஆகஸ்டில் ஃபெல்ட்மன் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலிருந்த தம் அலுவலகத்தில் துப்பாக்கியால் சுட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு மனைவியை இழந்திருந்தவர் அவர். ஒரு மரணத்தின் காரணங்களை வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது நமக்கு ஆகாத காரியம். 1982 அக்டோபரில் நிறுவனம் முழுதாக லொரென்ஸோவின் கைக்கு வந்தது.

1983 ஆகஸ்டில் இயந்திரப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விமானிகளிடமும் விமானப் பணியாளர்களிடமும் பெரும் ஊதியக் குறைப்புக் கேட்கப்பட்டது, அவர்கள் இணங்கவில்லை. செப்டம்பர் 24, சனிக்கிழமை, கான்டினென்டல் திவால் மனுக் கொடுத்தது. உள்நாட்டு விமானங்கள் நின்றன. சுமார் 12,000 ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றாம் நாள், செப்டம்பர் 27இல், நிறுவனம் மீண்டும் பறந்தது. எங்கே போனாலும் 49 டாலர் என்று விளம்பரம். மூத்த கேப்டனின் ஆண்டுச் சம்பளம் 43,000 டாலர், விமானப் பணியாளருக்கு 15,000; முன்பு வாங்கியதில் ஏறத்தாழ பாதி. விருப்பமுள்ளவர்கள் வரலாம்.

வந்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் வேதனையான பகுதி. அக்டோபர் முதல் தேதி விமானிகளும் விமானப் பணியாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆனால் வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, நாற்பது வயதுக்கு மேல் வேறெங்கு போனாலும் கடைசி ஆளாகத் தொடங்க வேண்டிய தொழில்முறை என எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவராக மறியல் கோட்டைக் கடக்க வைத்தன. தமிழில் இவர்களைக் கருங்காலி என்போம். அமெரிக்க விமானிகள் அவர்களின் பெயர்களைப் பட்டியலாகத் தொகுத்துப் பல்லாண்டு காத்தார்கள். வேலைநிறுத்தம் 1985வரை இழுத்துத் தோற்றது.

நிறுவனத்தின் கஜானா அப்போது காலியாகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடன்காரர்கள் கதவைத் தட்டியதால் வந்த திவால் அல்ல இது. சங்க ஒப்பந்தத்தைக் கிழிப்பதற்காகத் தேடிக்கொண்ட திவால் என்று சங்கங்கள் வாதிட்டன. நல்லெண்ணத்தோடு கொடுத்த மனுவே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1984 பிப்ரவரியில், நியூ ஜெர்சியின் பில்டிஸ்கோ என்ற கட்டடப் பொருள் வியாபார நிறுவனத்தின் வழக்கில், திவாலான நிறுவனம் தொழிலாளர் ஒப்பந்தத்தை உதறலாம், நீதிமன்றம் அனுமதிக்கும் முன்பே அதன் நிபந்தனைகளை மாற்றினாலும் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கங்கள் கொதித்தெழவே, அதே ஆண்டு ஜூலையில் காங்கிரஸ் 1113 என்ற பிரிவைச் சேர்த்தது. இனி முதலில் பேச வேண்டும், கணக்கைக் காட்ட வேண்டும், அவசியமான அளவுக்கே குறைப்புக் கேட்க வேண்டும், நீதிபதி சம்மதிக்க வேண்டும். கதவு மூடப்படவில்லை, அதற்கு ஒரு காவலாளி நியமிக்கப்பட்டார்.

இதே சட்டத்தில் இன்னும் இரண்டு பிரிவுகள் உண்டு. வழக்கறிஞர்களைத் தவிர யாரும் அதிகம் பேசாதவை. 1167ஆம் பிரிவு, ரயில் ஊழியர்களின் ஒப்பந்தத்தைத் திவால் நீதிமன்றம் தொட முடியாது என்கிறது. விமான ஊழியர்களும் 1936 முதல் அதே ரயில் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருபவர்கள்தாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு எழுதப்படவில்லை. 1110ஆம் பிரிவு விமானங்களை அடமானமாகவோ குத்தகையாகவோ கொடுத்தவர்களுக்கானது. அறுபது நாட்களுக்குள் தவணைகளைச் சரிசெய்து தொடர்ந்து கட்டுவதாக நிறுவனம் ஒப்புக்கொள்ளாவிட்டால், திவாலையும் மீறி அவர்கள் விமானத்தை எடுத்துக்கொண்டு போகலாம். ஆக, விமானத்துக்குக் கொடுத்த வாக்கு அறுபதே நாளில் பல் முளைக்கும் வாக்கு. அதை ஓட்டுபவருக்குக் கொடுத்த வாக்கு பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. யாரோ சதி செய்து இப்படி எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. விமானத்தை ஓட்டிச் சென்றுவிடும் உரிமை இல்லாவிட்டால் யாரும் கடன் தரமாட்டார்கள் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் மறுசீரமைப்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்த வரிசையை நினைவில் வைத்திருப்பது நல்லது.

கான்டினென்டல் 1986இல் திவாலிலிருந்து மீண்டது. லொரென்ஸோ அதே ஆண்டு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸையும் வாங்கினார். அங்கே அதே மருந்து பலிக்கவில்லை. 1989 மார்ச்சில் வேலைநிறுத்தம், ஐந்தே நாளில் திவால் மனு. 1990இல் நீதிபதி அவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிப் பொறுப்பாளர் ஒருவரிடம் கொடுத்தார். 1991 ஜனவரியில் ஈஸ்டர்ன் ஒரேயடியாக மூடப்பட்டது. லொரென்ஸோ தம் பங்குகளை விற்று வெளியேறிய சில மாதங்களில் கான்டினென்டல் இரண்டாம் முறை மஞ்சக் கடுதாசி கொடுத்தது. பின்னாளில் அவர் தொடங்க முயன்ற புதிய நிறுவனத்துக்கு 1994இல் அரசு உரிமம் மறுத்தது.

லொரென்ஸோவை வில்லனாக்கிக் கதையை முடித்துவிடுவது எளிது. அப்படித்தான் பலரும் முடித்தார்கள். யுனைடெட் ஏர்லைன்ஸின் கதை அதற்கு இடம் கொடுக்காது. அங்கே 1994இல் ஊழியர்கள் ஏறத்தாழ 490 கோடி டாலர் மதிப்புள்ள விட்டுக்கொடுப்புகளுக்கு ஈடாக நிறுவனத்தின் 55 விழுக்காடு பங்கைப் பெற்றார்கள். 1981இல் கான்டினென்டல் ஊழியர்கள் கண்ட கனவு இங்கே கைகூடியது எனலாம். (விமானப் பணியாளர் சங்கம் மட்டும் அதில் சேரவில்லை.) 1990களின் இறுதியில் ஒரு பங்கின் விலை நூறு டாலரைத் தொட்டது. பிறகு 2001 செப்டம்பர் 11. அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இரண்டு யுனைடெடுடையவை. 180 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் தர மறுத்த சில நாட்களில், 2002 டிசம்பர் 9இல், யுனைடெட் சிகாகோவில் மனுக் கொடுத்தது. முதலாளியாக இருந்த ஊழியர்களிடமே ஊதியக் குறைப்புக் கேட்கப்பட்டது. ஒரு முறையல்ல, இரு முறை.

அதன்பின் ஓய்வூதியம். ஓய்வூதியம் என்பது நிறுவனத்தின் கருணையல்ல, இன்றைய சம்பளத்தில் ஒரு பகுதியை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஊழியர் ஒத்திப்போட்ட கூலி. யுனைடெடின் நான்கு ஓய்வூதியத் திட்டங்களில் பற்றாக்குறை 980 கோடி டாலர். 2005 மே 10இல் அவற்றை அரசின் காப்புறுதிக் கழகத்தின் தலையில் இறக்கிவைக்க நீதிபதி யூஜின் வெடாஃப் ஒப்புதல் தந்தார். இருக்கும் வழிகளில் தீமை குறைந்தது விமானங்களைப் பறக்கவிடும் வழியே என்பது அவர் நிலை. அமெரிக்க வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய ஓய்வூதியத் தவறுகை நிகழ்ந்ததில்லை. பாதிக்கப்பட்டவர்கள் 1,20,000 பேருக்கும் அதிகம். கழகம் ஏற்றது சுமார் 660 கோடி; மீதி ஊழியர்களின் இழப்பு. விமானிகளுக்கு இதில் ஒரு கொடுமையான முடிச்சு இருந்தது. அறுபது வயதில் ஓய்வு பெற்றே ஆக வேண்டும் என்பது அன்றைய அரசு விதி. அறுபத்தைந்துக்கு முன் ஓய்வு பெற்றால் காப்புறுதித் தொகையின் உச்சவரம்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டாகக் குறையும் என்பதும் அரசு விதிதான்.

2006 பிப்ரவரியில் யுனைடெட் வெளியே வந்தபோது பழைய பங்குகள் செல்லாக்காசாயின. புதிய பங்குகளில் 8 விழுக்காடு சுமார் 400 மேலாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது. நிறுவனம் பிழைத்தது, பல்லாயிரம் வேலைகளும் பிழைத்தன. பான் ஆம் போல 1991இல் ஒரே நாளில் இல்லாமல் போயிருந்தால் அந்த வேலைகளும் போயிருக்கும். இரண்டும் உண்மை.

ஊழியர்கள் எப்போதும் பார்வையாளர்களாகவே இருந்துவிடவில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2011 நவம்பரில், கையில் 400 கோடி டாலர் அளவில் பணம் இருக்கும்போதே மனுக் கொடுத்தது. அதன் மூன்று சங்கங்களும் 2012 ஏப்ரலில் தம் நிர்வாகத்தைத் தாண்டிப் போய், போட்டி நிறுவனமான யூ.எஸ். ஏர்வேஸுடன் நேரடியாக உடன்பாடு செய்துகொண்டன. 2013 டிசம்பரில் இரண்டும் இணைந்தபோது யூ.எஸ். ஏர்வேஸின் தலைவரே புதிய நிறுவனத்தின் தலைவரானார். ஓய்வூதியத் திட்டங்கள் உறையவைக்கப்பட்டன, கைவிடப்படவில்லை.

கான்டினென்டலும் யுனைடெடும் 2010இல் இணைந்தன. யுனைடெட் என்ற பெயர் தங்கியது, விமானங்களின் வாலில் கான்டினென்டலின் உலக உருண்டை தங்கியது. விமானி எந்த விமானத்தை ஓட்டுவார், எந்தப் பண்டிகைக்கு வீட்டில் இருப்பார் என்பதையெல்லாம் தீர்மானிப்பது பணிமூப்புப் பட்டியல். இரு தரப்பாலும் ஒத்துப்போக முடியாமல், நடுவர்கள் 2013இல்தான் அதை வகுத்துக் கொடுத்தார்கள். 1985இல் யுனைடெடில் 29 நாள் மறியல் நின்றவர்களின் சங்கமும், 1983இல் மறியல் கோட்டைக் கடந்தவர்களை நிறுத்திவைத்துக்கொண்ட நிறுவனமும் அப்படித்தான் ஒரே பட்டியலுக்குள் வந்து சேர்ந்தன.