ஓசோனை அளந்த வரலாறு

பூமியைச் சூழ்ந்துள்ள காற்றுக் கடலில் ஓசோன் என்னும் வாயுவின் பங்கு மிகச் சிறிது. பல மைல் உயரத்துக்குப் பரந்து கிடக்கும் அவ்வாயு முழுவதையும் திரட்டி, கடல்மட்டத்து அமுக்கத்திலும் பூச்சிய பாகை வெப்பநிலையிலும் விரித்து வைத்தால், அதன் தடிப்பு ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே ஆகும். எனினும், சூரியனின் கொடிய ஊதாகடந்த கதிர்களைத் தடுத்துப் பயிரையும் உயிரையும் காத்து நிற்பது அம்மெல்லிய போர்வையே. கைக்கெட்டாத உயரத்திலுள்ள அதனை மனிதன் எவ்வாறு அளந்தான்? அளந்ததனால் விளைந்த பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதே ஓசோன் ஆராய்ச்சியின் வரலாறு.

பாசல் நகரப் பேராசிரியர் சோன்பைன், 1839ஆம் ஆண்டில் தம் மின்பகுப்புச் சோதனையில் எழுந்த மணத்தைக் கொண்டு இவ்வாயுவை அறிந்தார். 'மணத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ஓசோன் என்ற பெயர் பிறந்தது. சூரிய நிறமாலையின் ஊதாகடந்த பகுதி திடீரென அறுபட்டு நிற்பதற்குக் காரணம் ஓசோனே என 1881இல் ஆட்லி கருதினார். 1913இல் பிரெஞ்சு அறிஞர்களான பப்ரியும் பியூசனும் அதனை அளவையால் நிலைநாட்டினர்.

அளத்தலை அன்றாடக் கடமையாக்கிய பெருமை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து டொப்சனுக்கு உரியது. சூரியவொளியில் அடுத்தடுத்துள்ள இரு கதிர்களை அவர் தேர்ந்தார். ஒன்றை ஓசோன் மிகுதியாக விழுங்கும். மற்றையதைச் சிறிதே விழுங்கும். தரையை வந்தடையும் இவ்விரண்டின் செறிவையும் ஒப்பிட்டால், இடையிலுள்ள ஓசோனின் அளவு புலனாகும். இதற்கான கருவியை 1924இல் அவர் தம் இல்லத் தொழிற்கூடத்திலேயே அமைத்தார். பின்னர் மேலும் சில கருவிகள் ஆக்கப்பட்டு ஐரோப்பிய நிலையங்களுக்குச் சென்றன. ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குத் தடிப்பு இன்று 'டொப்சன் அலகு' என அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஐரோப்பாவில் கண்டது உலகெங்கும் பொருந்துமா என அறிய, 1928ஆம் ஆண்டளவில் அக்கருவிகள் தொலைநாடுகளுக்குப் பயணமாயின. ஒன்று கலிபோணியாவுக்கும், ஒன்று எகிப்துக்கும், ஒன்று நியூசிலாந்துக்கும் சென்றன. மற்றொன்று தமிழ்நாட்டின் பழனி மலைத்தொடரிலுள்ள கோடைக்கானலை அடைந்தது. வெப்பவலயத்தில் ஓசோன் குறைவு. ஆண்டு முழுவதும் அதன் மாற்றமும் சிறிது. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல அது மிகுந்து, வசந்தத்தில் உச்சத்தை எட்டும். இவ்வுண்மை வெளிப்படுவதற்குக் கோடைக்கானல் அளவைகளும் துணைநின்றன.

1957-58இல் நடைபெற்ற சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு இம்முயற்சியை விரிவாக்கியது. அந்தாட்டிக்காவில் பிரித்தானியர் அமைத்த ஹலி விரிகுடா நிலையத்திலும் டொப்சன் கருவி நிறுவப்பட்டது. அங்கு ஆண்டுதோறும் தவறாது அளந்தனர். உடனடிப் பயன் எதுவும் தோன்றாத பணி அது.

தரை நிலையங்களுக்கு ஒரு குறை உண்டு. ஆளற்ற சமுத்திரங்களில் கருவியை வைப்பார் யார்? அக்குறையைச் செய்மதிகள் தீர்க்க முன்வந்தன. காற்றில் சிதறி மேலே மீளும் ஊதாகடந்த ஒளியை அவை அளந்தன. 1970இல் ஏவப்பட்ட நிம்பஸ்-4 வழிகாட்டியது. 1978 ஒக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7, சூரியவொளி படும் உலகப் பரப்பு முழுவதையும் நாள்தோறும் நோக்கியது.

இதனிடையே, 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரசாயன அறிஞர் இருவர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். குளிர்சாதனங்களிலும் தெளிப்பான் கலன்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்கள் மேலே சென்று சிதைந்து, அவற்றின் குளோரீன் ஓசோனை அழிக்கும் என்பதே அது.

அழிவு வெளிப்பட்டதோ எவரும் எதிர்பாராத இடத்தில். ஹலியில் வசந்தகால ஓசோன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. கருவியின் பழுதோ என்னும் ஐயத்துக்கும் இடமிருந்தது. ஆனால் 1982இல் வந்த மாற்றுக் கருவியும் அதே குறைவைக் காட்டியது. முன்னர் ஏறக்குறைய 300 அலகாக இருந்த ஒக்டோபர் மாத அளவு, 1984இல் 200 அலகிலும் தாழ்ந்தது. பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் மூவரும் 1985 மே மாதத்தில் இதனை உலகுக்கு அறிவித்தனர். யப்பானியரின் சோவா நிலையத்தில் 1982இல் கண்ட குறைவைச் சுபாச்சி என்பார் அதற்கு முந்திய ஆண்டிலேயே எடுத்துரைத்திருந்தார்.

நாள்தோறும் நோக்கிய செய்மதி இதனைக் காணவில்லையா? கண்டது. ஆயின் 180 அலகிலும் தாழ்ந்த அளவுகள் ஐயத்துக்குரியன எனக் கணிப்பொறி குறியிட்டு வைத்தது. விஞ்ஞானிகள் அவற்றைத் தென்துருவத் தரை நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டபோது, அப்பதிவு மிகுந்த அளவைக் காட்டிற்று. அப்பதிவே பிழையென்பது பின்னரே தெரிந்தது. 1986இல் வெளியான செய்மதி அளவைகள், அந்தாட்டிக்காக் கண்டத்தையே மூடிய பெருங் குறைவை எல்லோர் கண்முன்னும் நிறுத்தின. ஹலி ஓரிடத்திலிருந்து ஆழத்தைக் காட்டியது. செய்மதி அதன் பரப்பைக் காட்டியது.

செய்மதிக்கும் ஒரு நோய் வந்தது. சூரியவொளியை அளக்க உதவிய அதன் தட்டு, ஊதாகடந்த கதிர்களாலேயே நாளடைவில் மங்கியது. அதனால் ஓசோனின் வீழ்ச்சி உண்மையிலும் மிகையாகத் தோன்றியது. இப்பிழையைக் கண்டு திருத்த உதவியவை தரையிலிருந்த டொப்சன் கருவிகளே. அவற்றின் துணைகொண்டு 1988இல் அறிஞர் குழுவொன்று வட அரைக்கோளத்திலும் ஓசோன் குறைந்துள்ளது என ஐயமற உரைத்தது.

1987 செப்டெம்பர் 16இல் மொன்றியலில் கைச்சாத்தான உடன்படிக்கை, ஓசோனை அழிக்கும் பொருள்களுக்குத் தடைவிதிக்க வழிகோலியது. அதன் பயனாகப் போர்வை மெல்லத் தேறிவருகின்றது. அந்தாட்டிக்காவில் 1980ஆம் ஆண்டின் நிலை 2066ஆம் ஆண்டளவில் திரும்பலாம் என 2022இன் மதிப்பீடு கூறுகின்றது. அதுவரை அளப்பதற்கு ஆட்கள் வேண்டும். சுவிற்சர்லாந்தின் ஆரோசாவில் 1926இல் தொடங்கிய அளவைத் தொடர், அண்மையில் அயலூரான டாவோசுக்கு மாற்றப்பட்டும் அறாது நடைபெறுகின்றது. பலன் கருதாது ஆண்டாண்டாகக் குறித்துவைத்தோரின் ஏடுகள் இல்லாதிருப்பின், ஹலியில் நேர்ந்தது குறைவென்பதை அறிவதற்கே வழி இருந்திராது.