பழைய நெகட்டிவைத் தூக்கிப் போடலாமா? டார்க்ரூமில் நடப்பது என்ன?

வீட்டு பீரோவில் கல்யாண ஆல்பத்தோடு கொஞ்சம் நெகட்டிவ் துண்டுகளும் கிடக்கிறதா? "அதான் போட்டோ இருக்கே" என்று தூக்கிப் போட்டுடாதீங்க. உங்கள் போட்டோவின் ஒரிஜினலே அதுதான்.

நெகட்டிவ் எப்படி உருவாகிறது?

ஃபிலிமின் மேல், ஜெலட்டினில் கலந்த சில்வர் ஹாலைடு துகள்கள் பூசப்பட்டிருக்கும். கறுப்பு-வெள்ளை ஃபிலிமை டெவலப்பரில் போட்டதும், வெளிச்சம் பட்ட துகள்கள் மட்டும் வெள்ளியாக மாறிக் கறுத்துவிடும். அதனால்தான் வெள்ளைச் சட்டை நெகட்டிவில் கறுப்பாகத் தெரிகிறது. வெளிச்சம் படாத மிச்சத்தை ஃபிக்ஸர் கரைத்து நீக்கும்.

டார்க்ரூமில் என்ன நடக்கிறது?

என்லார்ஜர் நெகட்டிவ் வழியே வெளிச்சத்தைப் பாய்ச்சி, பேப்பரில் பெரிதாக விழவைக்கும். பேப்பரை டெவலப்பர் டிரேயில் நனைத்தால், சில நொடிகளில் முகம் மெல்ல எழும்பி வரும். சினிமாவில் பார்க்கும் சிவப்பு விளக்கு இந்தக் கட்டத்துக்குத்தான். சாதாரண கறுப்பு-வெள்ளை பேப்பரைச் சிவப்பு வெளிச்சம் பாதிக்காது. ஃபிலிமை டேங்கில் ஏற்றும்போதோ முழு இருட்டு வேண்டும்.

முகம் ரொம்பக் கறுத்தால், அந்த இடத்தில் மட்டும் கையால் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் மறைப்பார்கள். ஆக, ஒரே நெகட்டிவிலிருந்து கையால் போட்ட இரண்டு பிரின்ட்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது.

வெறும் பொழுதுபோக்குதானே?

பஞ்சாபைச் சேர்ந்த உம்ராவ் சிங் ஷெர்கில் (1870-1954) சமஸ்கிருத, பாரசீக அறிஞர். போட்டோ எடுப்பது அவர் தொழில் அல்ல. ஆனாலும் பல பத்தாண்டுகள் தன்னையும் மனைவி, மகள்களையும் படமெடுத்தார். அந்த மகள்களில் ஒருவர் ஓவியர் அம்ரிதா ஷெர்கில். பேரன் விவான் சுந்தரம் அந்தப் படங்களை வைத்தே 2001-ல் புதிய கலைப்படைப்புகளைத் தொடங்கினார். வீட்டில் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வெயிலும் ஈரமும்தான் முதல் எதிரி. பரணில் வைக்காதீங்க; உலர்ந்த, சூடு குறைந்த இடம் நல்லது.
* ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். விரல் ரேகை பதிந்தால் போகாது.
* வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியாகப் பிரித்து, சீக்கிரம் ஸ்கேன் செய்யுங்கள்.
* ஸ்கேன் செய்த பிறகும் நெகட்டிவ் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க் போனாலும், மறுபடி பிரின்ட் போட அது கைகொடுக்கும்.