டாக்டர் சௌரி முத்துவும் தாம்பரம் க்ஷயரோக நிலையமும்

ஒரு பெரியாரின் சரிதத்தைக் கூறப் புகுங்கால், அன்னார் எக்குலத்திற் பிறந்தவர் என்று முதற்கண் வினவுவது நம்மனோர் வழக்கம். இவ்விதழிலும் நம் மரபிற் பிறந்து மேன்மையுற்றோர் வரலாறுகளே பெரும்பாலும் வெளிவந்துள்ளன. அது குற்றமன்று, தம் முன்னோரைப் போற்றாத சமூகம் முன்னேறாது. ஆயினும் இம்முறை நாம் எடுத்துக்கொண்ட டாக்டர் டேவிட் சௌரி முத்து கிறிஸ்தவ சமயத்தவர். நம் சங்கத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாதவர். ஆனால் அவர் தம் ஆயுளைச் செலவிட்டு எதிர்த்த நோயோ, குலமும் கோத்திரமும் கேளாமல் எல்லார் வீட்டினுள்ளும் புகுவது. ஆதலின் அவர் சரிதம் நம் குடும்பங்களுக்கும் உரியதே.

சௌரி முத்து 1864-ஆம் ஆண்டிற் பிறந்தவர். இங்கிலாந்து சென்று மேனாட்டு வைத்தியம் கற்றுத் தேர்ந்து, அங்கேயே தொழில் நடத்தினார். அக்காலத்தில் க்ஷயரோகத்துக்கு மருந்தே இல்லை. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் என்பார் 1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் நாள் அந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பகைவன் யார் என்பது தெரிந்தது. ஆனால் அவனை வெல்லும் ஆயுதம் அகப்படவில்லை. தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு, பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டப்படும் உடலுழைப்பு, இவற்றால் நோயாளியின் உடலே கிருமியை எதிர்க்கும் வலிமை பெறும்படி செய்வதொன்றே வைத்தியர்கள் செய்யக்கூடியதாக இருந்தது. இதற்கென ஊர்ப்புறத்தில் அமைந்த ஆரோக்கிய நிலையங்களையே சானடோரியம் என்று வழங்கினர்.

சௌரி முத்து இம்முறையைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாகாணத்தில், வெல்ஸ் நகரத்தை அடுத்த மெண்டிப் குன்றுகளில் அவருடைய நிலையம் நடைபெற்றது. வெள்ளையர் நம்மை ஆண்ட அந்நாளில், வெள்ளையர் நாட்டிலேயே ஓர் இந்தியர் ஆரோக்கிய நிலையத்தின் தலைவராய் விளங்கினார் என்பது சிறிய செய்தியன்று. தம் பத்தாண்டு அனுபவத்தை 1910-இலும், இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தை 1922-இலும் நூல்வடிவில் வெளியிட்டார். கிருமி மட்டுமே நோய்க்குப் போதிய காரணமாகாது. வறுமையும், நெருக்கமான வீடுகளும், காற்றில்லாத அறைகளும், அளவு மீறிய உழைப்பும் உடலைத் தளர்த்தி அதற்கு இடங்கொடுக்கின்றன என்பது அவர் கொள்கை.

அவரிடம் சிகிச்சை பெற்றவருள் நாம் அனைவரும் அறிந்த ஒருவர் கணித மேதை சீனிவாச ராமாநுஜன். 1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நெவாசா என்னும் கப்பலில் ராமாநுஜன் இங்கிலாந்து சென்றபோது, அதே கப்பலில் சௌரி முத்துவும் பயணஞ் செய்தார். 1917-ஆம் ஆண்டில் ராமாநுஜன் நோய்வாய்ப்பட்டு, க்ஷயம் என்று ஐயுறப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதியில் மெண்டிப் குன்றுகளில் பழைய கப்பல் நண்பரின் பராமரிப்பிற் சில காலம் இருந்தார். பின்னர் டார்பிஷயரிலுள்ள மாட்லக் என்னும் இடத்துக்கு மாறினார். 1919-இல் தாய்நாடு திரும்பி, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள் தம் முப்பத்திரண்டாம் வயதிற் காலமானார். அவரைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த சிலர், அவருக்கிருந்தது க்ஷயமன்று, அமீபாக் கிருமியால் ஈரலில் உண்டான நோயே என்று கருதுகின்றனர். எவ்வாறாயினும், அந்நாளில் நோயின் பெயரைத் துணிவதே எத்துணை அரிதாயிருந்தது என்பதற்கு அம்மேதையின் கதை சான்றாகும்.

வெளிநாட்டிற் புகழும் பொருளும் ஈட்டியவர் முதுமையில் அங்கேயே சுகமாக இருத்தல் இயல்பு. சௌரி முத்துவோ, அறுபது வயது கடந்தபின் தாய்நாட்டில் ஒரு நிலையம் எழுப்ப முனைந்தார். சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில், 250 ஏக்கர் நிலத்தில் 12 படுக்கைகளுடன் 1928-ஆம் ஆண்டில் அது தொடங்கியது. இந்தியாவின் முதல் க்ஷயரோக நிலையம் இதுவே என்று சிலர் எழுதுவது பொருந்தாது. அஜ்மீருக்கு அருகே திலோனியாவில் 1906-ஆம் ஆண்டிலும், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915-ஆம் ஆண்டிலும் கிறிஸ்தவ மிஷன்கள் இத்தகைய நிலையங்களை நிறுவியிருந்தன. முதன்மை என்னும் பட்டம் இல்லாமலே தாம்பரத்தின் பெருமை குறையாது. 1937-இல் அது அரசாங்கத்தின் வசமாயிற்று. மூன்றாண்டு கழித்து, 1940-இல், சௌரி முத்து மறைந்தார்.

அவர் மறைந்த சில ஆண்டுகளில் வைத்திய உலகம் தலைகீழாக மாறியது. 1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் வேறு மருந்துகளும் வந்தன. 1956-ஆம் ஆண்டிற் சென்னையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அவ்வாராய்ச்சியாளர் ஏறத்தாழ 200 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரைத் தத்தம் வீட்டிலும் வைத்து, இருவர்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். முடிவு 1959-இல் வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் குணமடைந்தனர். நல்ல காற்றும் ஓய்வும் உணவும் ஒருபுறமிருக்க, நெருக்கமான குடிசையிலும் மருந்து ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. நோயாளியுடன் வசித்தவர்க்கு அதனால் தொற்று மிகவில்லை என்பதும் தெரிந்தது. சௌரி முத்து நாற்பதாண்டு நம்பிய முறையை, அவர் தாய்நாட்டு நகரமே இவ்வாறு கடந்து சென்றது.

அப்படியாயின் அவர் உழைப்பு வீணோ? அன்று. 12 படுக்கைகளுடன் தொடங்கிய நிலையம் 1986-ஆம் ஆண்டு முதல் அரசினர் நெஞ்சக மருத்துவமனை என்னும் பெயருடன் 700-க்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்டு நடைபெறுகின்றது. 1993 முதல், உறவினரும் தொட அஞ்சிய எய்ட்ஸ் நோயாளிகளுக்கு அது புகலிடமாயிற்று. வீட்டில் காற்றோட்டம் வேண்டுமென்று அவர் வற்புறுத்தியது இன்றும் மெய். இருமும்போது வெளிப்படும் கிருமி அடைத்த அறையில் நெடுநேரம் தங்கும், திறந்த சாளரத்தின் வழியே கலைந்தோடும். ரெயிலில் நாள்தோறும் சானடோரியம் நிறுத்தத்தில் இறங்குவோர் பலர், அப்பெயருக்குக் காரணமான மனிதரை அறியார்.

இனி நம் சங்கக் குடும்பங்களுக்குச் சில வார்த்தை. இந்நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவது பேதைமை. உலகிலுள்ள க்ஷயரோகிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். நம்முள் இதனை வளர்ப்பது கிருமி மட்டுமன்று, மறைப்பும் ஆகும். பெண்ணுக்கு இருமல் என்றால், வரன் தட்டிப் போகுமே என்று தாயார் மூடி வைக்கிறாள். மருமகளுக்கு நோய் என்றால், பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு உறவை முறிக்கும் வீடுகளும் உண்டு. பெரியவருக்குத் தனித்தட்டும் புறக்கடை அறையும் ஒதுக்கப்படுகின்றன. தட்டினால் இந்நோய் பரவுவதில்லை; காற்றினாற் பரவுகிறது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், பெரும்பாலோர் சில வாரங்களிலேயே பிறர்க்குப் பரப்பும் நிலை நீங்குகின்றனர். சாதாரண க்ஷயம் ஆறு மாதச் சிகிச்சையில் முற்றும் குணமாகும். மருந்து அரசினர் மருத்துவமனைகளில் இலவசம். நடுவே நிறுத்தினாலோ, மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றிக் கேடு பன்மடங்காகும்.

ஆகையால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், யாராயினும் கபத்தைப் பரிசோதிப்பித்துக்கொள்ள வேண்டும். சம்பந்தம் பேசுங்கால், முன்பு நோயுற்றுக் குணமடைந்தவரைக் குறையுள்ளவராகத் தள்ளலாகாது. அவ்வாறு தள்ளுமளவும் மறைப்பு ஒழியாது, மறைப்பு ஒழியுமளவும் நோயும் ஒழியாது. ஒரு தனிமனிதர் தம் முதுமையில் பன்னிரண்டு கட்டில்களை இட்டு, கைவிடப்பட்டோரை வரவேற்றார். அவர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி, நம் வீட்டு நோயாளியை நம் வீட்டிலேயே வைத்துப் பேணுதலாகும்.