பெயரும் இருப்பிடமும்: இணைய முகவரி மீளெழுதலின் வரலாறும் தமிழும்

1990களில் இணையப் பக்கங்கள் தரவுத்தளங்களிலிருந்து உருவாக்கப்படலாயின. அவற்றின் முகவரிகளில் நிரல்களின் பெயர்களும் வினாக்குறிகளும் எண்களும் மலிந்தன. அவை பக்கத்தின் பொருளை உணர்த்தவில்லை. நிரல் மாறியதும் பயனற்றுப் போயின. அன்றைய தேடுபொறிகளும் அத்தகைய முகவரிகளைப் பின்தொடரத் தயங்கின.

இந்நிலையில், 1996இல் ரால்ஃப் எங்கெல்ஷால் அப்பாச்சி வழங்கிக்கென 'மாட்-ரீரைட்' என்னும் கூறினை உருவாக்கினார். வாசகர் கேட்கும் எளிய முகவரியை வழங்கி தனக்குள் நிரலின் முகவரியாக மாற்றிக்கொள்ள அது வழிவகுத்தது. பெயர் வேறு, இருப்பிடம் வேறு என்னும் பிரிவே இதன் அடிப்படை. நல்ல முகவரிகள் மாறுவதில்லை என 1998இல் டிம் பெர்னர்ஸ்-லீ வலியுறுத்தியதற்கும் இப்பிரிவே துணைநிற்கிறது.

தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் 3 குறிகளாக எழுதப்படும். எனவே 'தமிழ்' என்னும் சொல் 45 குறிகளாக நீள்கிறது. 2005இல் வெளியான பன்னாட்டு முகவரி நெறி, பிறமொழி எழுத்துகளையும் முகவரியில் ஏற்றது. தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று கட்டுரைத் தலைப்பே முகவரியாகத் திகழ்கிறது.

எனினும் நம் ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் சுட்டும் பக்கங்கள் பல, தளம் புதுப்பிக்கப்பட்டதும் மறைந்துவிடுகின்றன. பழைய முகவரியைப் புதியதற்கு இட்டுச்செல்லும் 301 என்னும் நிரந்தர வழிமாற்றை அமைக்கச் சில வரிகளே போதும். அவ்வரிகளை எழுதாது விடுவது, நூலை வைத்துக்கொண்டே நூற்பட்டியலைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.